மேற்கு மூலையில் விட்டுவைத்த செடி

குதிரைக்கு நெற்றியில் தட்டிக்கொடுத்தால் பிடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிடிக்காது ஐயா. பிடரி மயிர் முடிகிற இடத்தில் சொறிந்துவிட வேண்டும். அப்போதுதான் கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சொக்கி நிற்கும்.

நீங்கள் செடியைப் பற்றித்தானே கேட்டீர்கள். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாயத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் பொட்டல். மழை பொய்த்துப் புல்லெல்லாம் கருகிய பிறகும் அங்கே ஒன்று மட்டும் பச்சையாக நிற்கும். பட்டாணி இனத்துக் காட்டுச் செடி. சின்னதாக ஊதாவில் பூக்கும். காய் முற்றினால் காலில் பட்டதும் கிலுகிலுவென்று சத்தம் போடும். நாங்கள் அதைக் கிறுக்குப் பூண்டு என்போம். குதிரை முதலில் முகர்ந்துகூடப் பார்க்காது. ருசி கண்டுவிட்டால் நல்ல புல்லை ஒதுக்கிவிட்டு அதையே தேடிப் போகும். பிறகு மந்தமாகிச் சுவரைப் பார்த்து நிற்கும். நிறுத்திவிட்டால் தேறியதுபோல் தோன்றும். தேறாது. என்றைக்காவது வேகமாகப் போகும்போது எதிரே இருப்பது என்னவென்றே அதற்குத் தெரியாமல் போய்விடும். அதனால் குதிரைகளை அவிழ்த்துவிடுமுன் நிலம் முழுக்க நடந்து அதை வேரோடு பிடுங்குவது லாயக்காரனின் முதல் வேலை. அதில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

என் மகளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாண வயது வந்தும் அதே பெயர்தான். அவள் அம்மா போன பிறகு தாயும் நான்தான், தகப்பனும் நான்தான். சாம்பல் நிறக் குதிரை ஒன்றை அவளே பழக்கினாள். அதற்குப் பெயரும் சாம்பல்.

என் மனைவியின் அண்ணன் வெளியூரில் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவர். ஒருநாள் வந்து, குட்டி தடை தாண்டுவதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "மாப்ளே, இவ கையில குதிரை பேசுது. தடை தாண்டுற தேர்வுல மட்டும் ஜெயிக்கட்டும், நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

"போகட்டுமாப்பா?" என்றாள் குட்டி.

"உன் இஷ்டம்மா" என்றேன். அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவனுக்கு எரியாமல் யாருக்கு எரியும்.

அந்தப் பருவத்தில் மேற்கு மூலையில் மட்டும் நான் பிடுங்கவில்லை. ஒற்றை ஆள் எவ்வளவுதான் குனிவது. பிறகு சாம்பலை அந்த மூலையில் கட்டினேன். வேறு இடத்தில் புல்லும் இல்லை. பிறகு அதுவே ஆசைப்பட்டுத் தேடியதால் அரிந்துகொண்டுவந்து தொட்டியில் போட்டேன். வாயில்லா ஜீவன் கேட்கும்போது எப்படி இல்லை என்பது. மந்தமான குதிரை தாண்டாது, குட்டி தோற்பாள், வீட்டோடு இருப்பாள். யாருக்கும் ஒரு கீறல் விழாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

"அப்பா, சாம்பல் ஒரு மாதிரியா இருக்குப்பா. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. டாக்டரைக் கூப்பிடலாமா?"

"வெயில் ஒத்துக்கலம்மா. சரியாயிடும்."

டாக்டர் வந்து தொட்டியைக் கிளறுவானேன் என்று செடியை நிறுத்தினேன். சாம்பல் பளபளவென்று தேறியது. குட்டி துள்ளிக் குதித்தாள். அது தாண்டவும் தாண்டியது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்வு நாள் காலையில் சாம்பலை வெளியே நடத்தி வந்தேன். தரையில் ஒரு கம்பத்தின் நிழல் விழுந்திருந்தது. அதை வேலி என்று நினைத்துக் காலை மார்புவரை தூக்கித் தாண்டியது. தண்ணீர் வாளிக்குள் வாயை வைக்கத் தெரியாமல் பக்கத்தில் காற்றை உறிஞ்சியது. எனக்குப் புரிந்துவிட்டது. அதில் ஏறினால் என்ன கதியாகும் என்று எந்த லாயக்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

குட்டி என் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு ஏறலாமாப்பா? நீங்க வேணாம்னு சொன்னா நான் ஏறல."

"நல்லா இருக்கும்மா" என்றேன். சேணத்து வாரை நானே இறுக்கினேன். அவள் ஏறக் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் மச்சான் வேறு குதிரையைக் கொடுத்திருப்பார். அவள் அதிலும் ஜெயித்திருப்பாள்.

மூன்றாவது தடையில் சாம்பல் காலைத் தூக்கவே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே கட்டைகளுக்குள் ஓடி, அவள்மேல் புரண்டது. சாம்பலை அங்கேயே சுட்டுவிட்டார்கள். குட்டிக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

ஆமாம், தெரிந்தேதான் ஏற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் வந்து பாருங்கள். அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, வேளாவேளைக்கு ஊட்டுவது நான்தான். கண் விழித்ததும் "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை நெருக்கமாக நாங்கள் எப்போதும் இருந்ததில்லை. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்றுக் கால்நடை மருத்துவர் வந்தார். சாம்பலை அறுத்துப் பார்த்ததில் கிறுக்குப் பூண்டு என்று தெரிந்ததாம். அதை அவள் கட்டில் பக்கத்திலேயே நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போதிலிருந்து நான் கரண்டியைக் கொண்டுபோனால் பல்லை இறுகக் கடித்துக்கொள்கிறாள். வாய்க்கசப்பாக இருக்கும், வேறொன்றுமில்லை.