உயர்ந்த வால்

எனக்குக் கோபமே வராது என்று என்னிடம் விமானம் ஓட்டக் கற்றவர்கள் சொல்வார்கள். உண்மைதான். தரையிறங்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினால், கற்பவன் கை பதறிப்போகும். அதனால் நான் குரலை உயர்த்துவதில்லை. இப்போதும் மெதுவாகவே சொல்கிறேன். உள்ளறையில் மகள் படுத்திருக்கிறாள், அந்தக் கதவு சரியாகச் சாத்தாது.

அவள் கணவருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். எங்கள் பயிற்சிக் கூடத்தில் இரண்டு சின்ன விமானங்கள், இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின். பழையதற்கு வால் தாழ்வாக இருக்கும். மற்றதற்கு வாலின் குறுக்குச் சிறகு தூக்கலாக, உச்சியில், ஆங்கில டி (T) எழுத்துப் போல நிற்கும். பார்வைக்கு அதுதான் லட்சணம். ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு.

பழையதில் இறங்கும்போது மூக்கு தொங்கினால் எஞ்சினைச் சட்டென்று முடுக்கினால் போதும். முன்னால் சுழலும் விசிறியின் காற்று நேராக வாலில் அடிக்கும், மூக்கு நிமிரும். உயர்ந்த வாலுக்கு அந்தக் காற்று எட்டாது. வேகம் குறைந்துவிட்டால் அது சொன்ன பேச்சைக் கேட்காது, மூக்கு தொப்பென்று விழும், எவ்வளவு முடுக்கினாலும் நிமிராது. அதனால் அதைக் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு, எஞ்சினை முழுக்க அடக்காமல் கொண்டுவந்து இறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். விமானமே ஓட்டாத உங்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு நான் இதைச் சொல்லவில்லை.

விமானி உரிமம் வாங்கியதும் சேர்ந்துகொள்ளும்படி அவருக்குக் கடல் தாண்டி சரக்கு விமானத்தில் வேலை கூடிவந்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. என் மனைவி காலமான பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். "நீங்களும் வந்துடுங்க மாமா, இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?" என்றார். தங்கமான மனிதர். ஆனால் மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வது எனக்குச் சரிப்பட்டு வராது.

மழைக்காலம் முழுவதும் அவரைப் பழைய விமானத்திலேயே பழக்கினேன். "மூக்கு தொங்குது பாருங்க, முடுக்குங்க மாப்ளே" என்பேன். முடுக்குவார், நிமிரும். யோசிக்காமல் கை போகும் அளவுக்கு வரும்வரை நான் விடவில்லை. "இப்ப கை தானாப் போகுது மாமா" என்று ஒருநாள் சிரித்தார். முதுகில் தட்டிக்கொடுத்தேன். பிறகு உயர்ந்த வாலில் நானும் கூட உட்கார்ந்து சில தடவை இறக்க வைத்தேன். என் கை எஞ்சினை முடுக்கும் பிடியின் மேலேயே இருந்தது, வேகத்தைக் குறையவே விடவில்லை. தானே இறக்கியதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று அவரை உயர்ந்த வாலில் தனியாக அனுப்ப இரண்டு ஓடுதளங்கள் இருந்தன. ஒன்று நீளமானது, சுற்றிலும் புல்வெளி. மற்றது குட்டை, ஓரத்தில் வடிகாலின் கான்கிரீட் சுவர். குட்டைத் தளம் என்றால் வேகத்தைக் குறைக்கத்தான் யாருக்கும் தோன்றும். அங்கே போய் இறங்கச் சொன்னேன். முன்சக்கரம் உடையும், கூடவே அவருடைய துணிச்சலும் உடையும், வேலை கைநழுவும் என்றுதான் கணக்குப் போட்டேன். உயிர் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. சுவரைப் பற்றி நினைத்தேனா என்றால், நினைத்தேன்.

கிளம்பும் நேரத்தில் என் மகள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். "நானும் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்பா." இறங்கு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். ரேடியோ என் கையில்தான் இருந்தது. விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மூக்கு விழுந்தது, அவர் முடுக்கினார். முன்சக்கரம் நொறுங்கி, அதே வேகத்தில் விமானம் பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் மோதியது. கடைசிவரை அவர் எஞ்சினை முடுக்கியபடியே இருந்ததாக விபத்தை விசாரித்த உங்கள் ஆட்கள் அறிக்கையில் எழுதினார்கள். விமானியின் தவறு என்று முடித்துவிட்டீர்கள். அவர் தவறு எதுவும் செய்யவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார்.

மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தலை வாரிவிடுவதும், வேண்டாம் என்றாலும் விடாமல் ஊட்டுவதும் நான்தான். அவள் பேசுவது ஒன்றே ஒன்றுதான். "வேகமாப் போறீங்க, பயமா இருக்கு, குறைங்கன்னு நான்தானேப்பா சொன்னேன். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்ல?" போன வாரம் அவள் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த தூக்க மாத்திரைகளை எடுத்து வெளியே கொட்டினேன். அப்புறம்தான் உங்களை வரச் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று தோன்றியது. ஆறவில்லை.

எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இது அவள் காதுக்குப் போகக் கூடாது. தன்னால்தான் அவர் போனார் என்பதையாவது அவள் எப்படியோ தாங்கிக்கொள்வாள். என்னால் என்று தெரிந்தால், பாவம், அவளுக்கு ஆறுதல் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?