விசாரித்தவர்களுக்குச் சொன்னேன்

எங்கள் காரைக்காலில் விசாரிக்காமல் யாரும் பெண் எடுப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பெண் இருக்கிற தெருவுக்கு வந்து, மளிகைக் கடையில் நைசாகக் கேட்பார்கள். இப்போது பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவன் இந்தச் சோமசேகரன்.

சும்மா சொல்லக் கூடாது, இதற்காக யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. நாலு குடும்பம் நன்றாக இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன்.

கோவில்பத்து அன்பழகன், தன் மகனுக்குச் சிவப்ரியாவை நிச்சயம் பண்ணுவதற்கு முந்தின வாரம் வந்தார்.

"பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

பேரைத் தட்டினேன். பள்ளிக்கூட வயதில் வைத்தியம் பார்த்திருந்தார்கள். "வலிப்புன்னு போட்டிருக்குங்க" என்றேன். மனுஷருக்கு முகமே செத்துப்போயிற்று. மாத்திரையை நிறுத்திப் பல வருஷமாகிறது, பூரண குணம் என்று அடுத்த வரியிலேயே டாக்டர் எழுதியிருந்தார். அன்பழகன் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு.

நிச்சயம் நின்றுபோயிற்று. ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுத்து வந்த வரன்களும் வாசலோடு திரும்பிவிட்டன.

அப்புறம் சிவப்ரியாவே என் ஜன்னலுக்கு வந்தாள். "சார், எனக்குக் குணமாயிடுச்சுன்னு டாக்டர் எழுதியிருப்பாருல்ல. அதை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க சார். அப்பாவால வெளியில தலைகாட்ட முடியல."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதெல்லாம் ரகசியம்மா. வாயால கேட்டா குடுத்துட முடியுமா? மனு எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கிட்டு வா."

மேனேஜர் அப்போது லீவில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் அவளையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்திருந்தாள். பிழைக்கவில்லை. அதையும் நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன், ஒரு பிழையில்லாமல்.

சொன்னது நான்தான், சார். மறைக்கவில்லை. இருந்ததைத்தான் சொன்னேன், இல்லாததையா சொன்னேன்? இதில் என் தப்பு என்ன என்றுதான் விளங்கவில்லை.

உங்கள் ஆட்கள் துருவிக் கண்டுபிடித்த இன்னொன்றும் சரிதான். என் மகள் யாழினியின் ஃபைலை அழித்ததும் நான்தான். அவளுக்கும் வலிப்பு உண்டு, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வயசுப் பெண் விஷயம் சார், கண்டவன் கண்ணிலும் படலாமா?