அண்ணன் வராத ஏலம்

கையெழுத்துதானே, போடறேன்மா. பேனா கையிலதான் இருக்கு பாரு. நான் எங்கயும் ஓடிப் போகல, ஏலத்துல எடுத்த அந்த மோட்டார் காடியும் ஓடிப் போகாது. பழச எடுத்துப் புதுசாக்குன காடி எது ஓடியிருக்கு, எல்லாம் லோரி முதுகுல ஏறித்தான் வீட்டுக்கு வருது. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, உடனே போட்டுடறேன். ரெண்டாவது வரிசையில ஓரத்து நாற்காலி இன்னிக்கு முழுக்கக் காலியாக் கெடந்துச்சே, அதுல உக்கார்றவர் நம்பர் அட்டை வாங்குனாரா இல்லியா? சபாபதின்னு பேரு. சிம்பாங் ரெங்கம் சபாபதி. வெள்ளச் சட்ட, யாரப் பார்த்தாலும் பில்லக் கொண்டான்னு கேக்கற மாதிரி ஒரு மூஞ்சி.

சொல்லக் கூடாதா. சரி, உங்க ரூல்ஸ் உங்களுக்கு.

என்ன உறவான்னா கேக்கற? எங்கண்ணன்மா. கூடப் பொறந்தவர். ஆமாலா, நீ வேலைக்கு வந்ததுல இருந்து இந்த ஹால்ல ஒருத்தன ஒருத்தன் மொறச்சுக்கிட்டு வெலய ஏத்திவிடற ரெண்டு பேரு இருக்காங்கள்ல, அவங்க அண்ணன் தம்பிதான். ஒரே வயித்துல பொறந்தவங்க, பெக்கோக் எஸ்டேட்ல ஒரே வீட்டுல வளந்தவங்க. உங்க முதலாளி தவுக்கேக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் எங்க ரெண்டு பேருக்கும் மொத ஆளா அழைப்பு அனுப்புவாரு. ஒருத்தன் வந்தா வியாபாரம், ரெண்டு பேரும் வந்தா திருவிழா.

உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. போன வருஷம் பொம்பளைங்க கைப்பை ஒண்ணு வந்துச்சே, முதலைத் தோலு, ஏதோ பெரிய வீட்டு அம்மா வச்சிருந்ததாம். அவருக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நான் சும்மா மூக்கச் சொறிய கையெடுத்தேன், அவர் தூக்கிட்டாரு. அவர் தூக்கினப்புறம் நான் தூக்காம இருந்தா நல்லாருக்காது. போட்டி போட்டு, போட்டி போட்டு, கடைசில அவருக்கே விழுந்துச்சு. அண்ணி அத அலமாரிக்குள்ளயே வைக்கலியாம், வாட அடிக்குதுன்னு அரிசி ட்ரம்முக்கு மேல வச்சிருக்காங்களாம். நான் மட்டும் ஒழுங்கா? குடிக்காத மனுசன், வீட்டுல ஒரு விஸ்கி பாட்டில் இருக்கு, என் வயச விடப் பெரிசு. அவர் டாய்லட்டுக்குப் போன நேரத்துல எனக்கு விழுந்துடுச்சு. என் வீட்டுக்காரி ஃபெலிசியா கிறிஸ்மஸ் கேக்குல ஊத்திக்கட்டுமான்னு கேக்கறா.

அவர் இங்க உக்காந்திருக்கற வரைக்கும் நான் எதையும் ஜெயிச்சதில்ல. எழுந்து போனாத்தான். எனக்கு முன்னால கைய எறக்கறதில்லன்னு ஒரு வைராக்கியம் அவருக்கு. அதான் கேக்கறேன். இன்னிக்கு நான் எப்படி ஜெயிச்சேன்?

எதனால சண்டையா? எலுமிச்சம்பழம்மா. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

நான் ரொம்ப வருஷம் வெளிநாட்டுல, பெர்த்துல இருந்தவன். இன்சூரன்ஸ் கம்பெனி. எவனுக்கு என்ன ஆபத்து வரும், அதுக்கு எவ்வளவு வெல போடலாம்னு உக்காந்து கணக்குப் பாக்கற வேல. போதும்னு தோணுச்சு, குடும்பத்தோட திரும்பி வந்து பெர்மாஸ் ஜெயாவுல வீடு எடுத்தோம். வந்த ஆடி மாசமே எஸ்டேட் கோயில் திருவிழா. தீமிதியெல்லாம் முடிஞ்சு, அம்மனுக்குச் சாத்துன சேலை, குடத்துத் தேங்காய், கடைசியா சூலத்துல குத்தியிருந்த எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. ஐயாசாமின்னு கோயில் செயலாளர், மைக்கப் புடிச்சா விட மாட்டாரு. பழம் வந்துச்சு. எங்கண்ணன் கை தூக்குனாரு. நாலஞ்சு பேரு ஏத்திவிட்டாங்க. நானும் தூக்குனேன். கோயிலுக்குத்தானே போகுது, நம்ம மண்ணுக்கு வந்திருக்கோம், நாமளும் நாலு பேருக்குத் தெரியட்டும்னு.

கோயில் ஏலத்துக்கு ஒரு மொறை இருக்காம். எங்கயும் எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். பழம் யாருக்கு வேணுமோ அவங்க வீட்டுல முன்கூட்டியே பேசி வச்சிடுவாங்க. மத்தவங்க மரியாதைக்கு ரெண்டு தடவ ஏத்திவிட்டு, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துக்கணும். அதான் நாலஞ்சு பேரும் நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல. எனக்கென்ன தெரியும், ஏலம்னா ஏலம்னுதான் வெளிநாட்டுல பாத்து வச்சிருக்கேன். ஐயாசாமி கண்ணு காட்டறாரு. நான் என்ன நெனச்சேன்னா, என்னை உற்சாகப்படுத்தறாருன்னு நெனச்சேன். ஏத்திக்கிட்டே போறேன். எங்கண்ணன் என்னைத் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு, அட்டைய... அங்க அட்டை ஏது, தோள்ல கெடந்த துண்ட உதறிட்டு எழுந்து போயிட்டாரு. பழம் எனக்கு. மாலையெல்லாம் போட்டாங்க.

இரு, இன்னும் முடியல. அந்தப் பழம் அவருக்கு எதுக்குன்னா, பிரேமலாவுக்கு. அவர் மக. கல்யாணமாகி ரொம்ப நாளாப் புள்ளயில்ல. சூலத்துப் பழத்த அப்படியே சாப்புட்டா தங்கும்னு நம்பிக்கை. யார்கிட்டயும் சொல்லாம, எனக்கும் சொல்லாம, மனசுக்குள்ள வச்சிருந்திருக்காரு. மறுநாள் காலையில அண்ணி எங்க வீட்டுக்கு வந்தாங்க. காளியம்மா அண்ணி. அவருக்குத் தெரியாம வந்திருக்காங்க, பழத்தக் கேட்டு வாங்கிட்டுப் போக. பாவம், எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம தயங்கித் தயங்கிப் பேசறாங்க. நல்ல வெயிலு. ஃபெலிசியா குடிக்க ஜூஸ் கொண்டு வந்து குடுத்தா.

அதேதான். ஃபிரிட்ஜுல ஒரு எலுமிச்சம்பழம் இருந்துச்சு, எடுத்துப் புழிஞ்சுட்டா. கத்தோலிக்க வீட்டுப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும், பழம்னா பழம். அண்ணி பாதி கிளாஸ் குடிச்சிட்டு, நேத்து எடுத்த பழம் எங்கன்னு கேக்கறாங்க. ஃபெலிசியா கிளாஸக் காட்டறா.

அலமாக், ஐயையோன்னு நீ சொல்றதுக்கு இப்ப ஈஸியா இருக்கும். அன்னிக்கு எங்க வீட்டு ஹால்ல நாங்க மூணு பேரும் அந்தக் கிளாஸப் பாத்துக்கிட்டே நின்னோம் பாரு.

அதுக்கப்புறம் பிரேமலாவுக்கு ரெட்டப் புள்ள, பழமே இல்லாம. ஆனா எங்கண்ணனுக்கு அந்தக் கணக்கு வேற, இந்தக் கணக்கு வேற. வீட்டுக்கு நான் போனா பின்பக்கமா வெளிய போயிடுவாரு. போன எடுக்க மாட்டாரு. சொந்தக்காரங்க கல்யாணத்துல நான் ஒரு பந்தின்னா அவர் அடுத்த பந்தி. அப்பதான் ஒரு நாள் இங்க பழைய கைக்கடிகாரம் ஏலம்னு வந்தேன், சும்மா வேடிக்க பாக்க. ரெண்டாவது வரிசையில அவரு. நான் கை தூக்குனேன். அவர் திரும்பாமலே தூக்குனாரு. நான் தூக்குனேன். அவர் தூக்குனாரு. வருஷக்கணக்கா வாய் தொறக்காதவங்கம்மா நாங்க. அன்னிக்குக் கால் மணி நேரம் பேசுன மாதிரி இருந்துச்சு.

அதுல இருந்துதான் இந்த வியாதி. எனக்குக் காடியும் தெரியாது, கடிகாரமும் தெரியாது. இப்ப வாங்கியிருக்கேனே, அந்தப் பச்சக் காடி, எந்த நாட்டுதுன்னே தெரியாது. உள்ள உக்காந்தா முட்டி வந்து தாடையில இடிக்குது. ஸ்டீரிங் மட்டும்தான் பழசாம், மத்ததெல்லாம் பட்டர்வொர்த் பட்டறையில அடிச்சதாம். அதுக்குப் பேரு கிளாசிக். நான் என்ன பண்றது, ஏலத்துல வந்தா தூக்கறேன், அவ்வளவுதான்.

எதுக்கு இதெல்லாம் உங்கிட்ட சொல்றேன்னா, அண்ணனுக்கு இப்ப உடம்பு சரியில்ல. கிட்னி ரெண்டும் போச்சு. இனிப்பு நீர், சக்கர வியாதிதான், வேறென்ன, நம்ம ஆளுங்களுக்கு அதுதானே சொத்து. டயாலிசிஸ் பண்றாரு. பிரேமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனா ஏலம்னா மட்டும் சென்டர்ல சண்ட போட்டு நாள மாத்திக்கிட்டு வந்துடுவாரு. போன தடவ பாத்திருப்பியே, கையில கட்டு. அந்தக் கையாலயேதான் தூக்குனாரு, எனக்குத் தெரியட்டும்னு. அப்படிப்பட்டவர் இன்னிக்கு வரல. காலையில இருந்து கதவப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

நீதானே பிரவீனா, ஓரத்துல டெலிபோனக் காதுல வச்சுக்கிட்டு நின்னது? இன்னிக்குக் கடைசி வரைக்கும் என்னை எதிர்த்து அட்டைய தூக்கினது நீதான். உன் மேல கோவமில்லமா. அந்தப் பக்கம் இருக்கறவர் போடுன்னா நீ தூக்கித்தான் ஆகணும். அந்தப் பக்கம் யாருன்னுதான் எனக்குத் தெரியணும்.

சரி, பேரு வேணாம். வேற மாதிரி கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. தமிழ்லதான் பேசுனாரா? ம். பின்னால மெஷின் சத்தம், பீப் பீப்னு? ம். யாராவது மலாய்க்கார நர்ஸ், பாக்சிக், பெரியவரே, கைய ஆட்டாதீங்கன்னு திட்டிக்கிட்டே இருந்தாங்களா?

அதான் பாத்தேன். ஊசிய ஏத்தி வச்சிருக்காங்க, போன்ல பேசறப்ப எதுக்குக் கையத் தூக்கணும்? பழக்கம். நீ சிரிச்சா போதும், நான் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல.

அப்ப அவர்தான். உயிரோடதான் இருக்காரு.

கடைசில ஏன் விட்டாரு? லைன் கட்டாயிடுச்சா? இல்ல... அப்ப என்னதான் ஆச்சு? எதிர்ல யாருன்னு கேட்டாரா. நீ என்ன சொன்ன? வழுக்கத் தலை, கோடு போட்ட சட்டன்னா. நல்லா சொன்ன போ. மீச நரச்சதையும் சொல்லியிருக்கலாம். அதுக்கு அவரு? சொல்லுமா, பேரத்தான் சொல்லக் கூடாது, பேசுனதச் சொல்லக் கூடாதுன்னு எந்த ரூல்ஸ்ல இருக்கு?

அவனே வச்சுக்கட்டும்னாரா.

அப்படியேவா சொன்னாரு? அவனேன்னா?

கொஞ்சம் தண்ணி இருந்தா குடு. ஜூஸ் வேணாம்.

உனக்குப் புரியாதும்மா. எங்கண்ணன் கோவத்துல விடுவாரு, அது வேற, அத ஒரு தடவ பாத்திருக்கேன். இப்படி நல்ல வார்த்த சொல்லி விட்டுக் குடுக்கறாருன்னா உடம்பு ரொம்ப முடியலன்னு அர்த்தம். போற எடத்துக்கு எதுக்குக் காடின்னு நெனச்சுட்டாரு. எனக்கும் இன்னிக்கு விட்டுடணும்னுதான் இருந்துச்சு. அவர் வருவாரு, காடிய எடுப்பாரு, சந்தோசமா இருக்கறப்ப பக்கத்துல போய் நின்னுடலாம்னு வந்தேன். நாற்காலி காலி. போன்ல யாரோ ஏத்தறாங்க. ஒருவேள அவரோன்னு ஒரு சந்தேகம். நான் நிறுத்துனா உங்க தவுக்கே சுத்தியத் தட்டிடுவாரு, நீ போன வச்சிடுவ. அதான் தூக்கிக்கிட்டே இருந்தேன். எனக்கெதுக்குமா காடி. அவர் லைன்ல இருக்கணும், அவ்வளவுதான்.

பக்கத்துல நின்னு என்ன சொல்லலாம்னா? ஒண்ணுமில்ல, என்னோட கிட்னி அவருக்குப் பொருந்துதாம்.

பிரேமலாதான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா, அவருக்குத் தெரியாம. ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க, என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு டாக்டர் நல்லாப் பொருந்துதுங்கறாரு. ஃபெலிசியாவும் சரின்னுட்டா. ஜூஸுக்கு இதோட சரியாப் போச்சுங்கறா, அழுதுகிட்டேதான் சொன்னா. இன்னும் ஒரே ஒருத்தர் ஒத்துக்கணும். அவர் ஒத்துக்காம எவனும் கத்தி எடுக்க மாட்டான். பிரேமலா சொல்ல மாட்டேங்கறா. சித்தப்பா, உங்க பேர நான் எடுத்தா ஊசியப் புடுங்கிட்டு எழுந்து போயிடுவாருங்கறா. நான் எப்படிமா சொல்றது? ஒரு மொறைக்குக்கூட எங்கிட்ட இருந்து ஒரு வாய்த் தண்ணி வாங்குனதில்ல.

இந்தா, கையெழுத்து. போட்டாச்சு. இப்ப எனக்கு ஒரு வேல செய். அவர் நம்பர் உங்கிட்ட இருக்குல்ல, கூப்புடு. இன்னும் மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், எழுந்து போக முடியாது, அது ஒரு வசதி. நான் பேசல, நீ பேசு. காடியப் பத்தி பேசாத. இன்னொரு பொருள் வந்திருக்கு, நல்ல கண்டிஷன், பொறந்ததுல இருந்து ஒரே ஆள் கிட்டதான் இருந்துச்சுன்னு ஆரம்பி. யாரோடதுன்னு அவரே கேப்பாரு, அப்ப என் பேரச் சொல்லு. சும்மா குடுக்கறாங்கன்னு மட்டும் வாயத் தொறந்துடாத, போன வச்சிடுவாரு.

வேற ஒருத்தரும் அதக் கேட்டுக்கிட்டிருக்காருன்னு சொல்லு.