எங்கே போக ஆசை

“அவரு தூங்குறாரு நானா, எழுப்ப—”

“தூங்கட்டும் தங்கச்சி, நான் மொகத்த மட்டும் பாத்துட்டு—”

“யாரும் வேணாங்கிறாரு. முக்கியமா நீங்க வேணாங்கிறாரு.”

நேற்றுப் பகல், என் வீட்டு வாசலில், நானும் என் புருசனின் கூட்டாளி ஜமால்தீன் நானாவும் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு நின்றோம். சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது, மிஸ். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கருப்பாயி அதிர்ந்து பேசமாட்டாள், புருசனைப் பூப்போலப் பார்த்துக்கொள்கிறாள் என்பார்கள்.

குழாயடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேசன் முடிந்ததும் அவரை உங்களிடம்தான் அனுப்பினார்கள். பயிற்சி சொல்லித்தரும் மிஸ் கால்களைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, “ஐயா, நடக்கத் தொடங்கினா மொதல்ல எங்க போக ஆசை?” என்று கேட்டீர்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. “ஜமால்தீன் கடைக்கு.”

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நாற்பத்தாறு வருசம், மிஸ். றப்பர் மலையில் பால் வெட்டி முடித்ததும் கைகால் கழுவிக்கொண்டு ருவான்வெல்லை ரோட்டிலுள்ள அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். அங்கே அவர் சிரிக்கிற சிரிப்பு மேட்டு லயம் வரைக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்தால் “சோத்தப் போடு” என்பதோடு சரி. விழுந்த பிறகுதான் அவர் எனக்குக் கிடைத்தார்.

நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்கார வேண்டும், தண்ணீரைக் கைக்கெட்டாமல் வையுங்கள், அவரே எழும்பி எடுக்கட்டும், தினம் முட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் வயசான உடம்பில் சதை கரைந்துபோகும் என்றீர்கள். நன்றாக விளங்கிற்று. தண்ணீரை நான் அவர் வாயருகே பிடித்தேன். பிடித்து நடக்க நீங்கள் தந்த வாக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வெறும் கஞ்சி ஊட்டினேன். பயிற்சிக் கணக்குத் தாளில் மூன்று வேளையும் செய்ததாகச் சரி போட்டேன். பஸ்ஸில் அவரால் வர முடியாது என்று சொல்லி, மாதாமாதம் தாளை மட்டும் கொண்டுவந்து காட்டினேன்.

கால் மெலிந்தும் மனசு மெலியவில்லை. “ஜமாலு வந்தானா?” என்று தினமும் கேட்பார்.

“இந்தப் பக்கம் தலையே காட்டல” என்பேன்.

தொழுகை முடிந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்த மனிதரிடம், “ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டாராம்” என்பேன். இரண்டும் சின்னப் பேச்சுத்தான்.

மூன்றாம் மாதம் கேட்பதை நிறுத்தினார். ஐந்தாம் மாதம் பேச்சே நின்றது. கஞ்சியைப் பாதியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வீடு அமைதியாக இருந்தது. நான் அவருக்குத் தலை வாரிவிடுவேன்.

நேற்று ஜமால்தீன் நானா என்னை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். “டேய் கன்னையா, ஏழு மாசமா வாரன்டா! அப்பிடி என்னடா கோவம் என்னோட?”

கட்டில் முனகியது. திரும்பினேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தாளில் நான் சரி போட்டதெல்லாம் அந்த ஒரு நிமிசம் உண்மைபோல இருந்தது. பிறகு தொடைகள் நடுங்கின. ஈரச் சாக்கு சரிவதுபோலச் சரிந்தார்.

நானா என்னை ஒதுக்கிவிட்டு ஓடிவந்து அவரைத் தூக்கிப் பார்த்தார். “யா அல்லாஹ், சின்னப் புள்ளட பாரம்கூட இல்லியே” என்றவர், அவரை மெல்லக் கிடத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் திரீவீல் பிடிக்க ஓடினார்.

இடுப்பு மறுபடியும் முறிந்துவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்று நீங்கள் இன்று சொன்னபோது நான் அழுதது பொய்யில்லை. பயிற்சி செய்தாரா என்று கேட்டீர்கள். இல்லை, மிஸ். ஒரு நாளும் இல்லை. நான் விடவில்லை. அவர் நல்லதுக்குத்தான், எழும்பியிருந்தால் எங்காவது விழுந்திருப்பாரே.

நேற்று, திரீவீல் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தன தடவடி வந்தான்?”

“அத விடுங்க” என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். “நான் ஒருத்தி இருக்கேன்ல, போதாதா?”