ஒட்டும் என்று சொன்னவள்

சுப்புத்தாய் டீச்சர், தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். தலைமை ஆசிரியருக்கும் வேண்டாம். நாளை இரங்கல் கூட்டம் தொடங்கும் முன்பு அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை வீட்டைவிட்டே வெளியே அனுப்பமாட்டார். அதில் மாணவர்கள் சார்பில் நான் படிக்க வேண்டிய உரையை அப்பா சொல்லச் சொல்ல மாலையிலேயே எழுதிவிட்டேன். அது தனியாக இருக்கிறது. இது நான் படிக்க விரும்புவது. எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். படிக்கலாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, பால் சொசைட்டிச் செயலாளராகிய என் தந்தையே, கணவரை இழந்த துயரத்தோடு வந்திருக்கும் ராஜாத்தி அத்தை அவர்களே, உடன் படிக்கும் தோழர்களே, தோழிகளே, வணக்கம்.

நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், வெல்டர் செல்லப்பாண்டி அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்ல அனுமதியுங்கள்.

மாணவிகளின் கழிப்பறை நெடுநாளாகக் கதவு இல்லாமல் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே தாவணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மனு எழுதினோம். யார் வந்து பார்த்தார்கள்? மாமா வந்தார். சொந்தத் தகரத்தில் கதவு செய்து மாட்டினார். "தாப்பா உள்பக்கம் இருக்கணும்த்தா. வெளிய தாப்பா போட்டா அது கதவில்ல, செயிலு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதவை நாங்கள் பிறகு கையால் தொடவில்லை. குச்சியால் தள்ளித் திறந்தோம். நானும் குச்சியால்தான் தள்ளினேன்.

ஏன் அப்படிச் செய்தோம்?

இந்த வருடம் மாமா வடக்கே ஓர் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போனார். அவர் வேலை பார்த்த இடத்தில் குழாய் உடைந்து கதிர்வீச்சுள்ள தண்ணீர் கசிந்தது. செய்தித்தாளிலும் வந்தது. அவர் ஊர் திரும்பிய மறுநாள், சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன்.

"ஏப்பா, ஒனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கருத்தம்மாள் சித்தி கேட்டார்.

"ஆச்சுத்தா. ராத்திரியானா மினுக்கு மினுக்குனு எரியிறேன். கரண்டு போனா ஆள் அனுப்பு. வந்து ஒங்க வீட்டுல ஒக்காந்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்காமல் சொன்னார். "அங்கன சோப்புப் போட்டுத் தேய்தேய்னு தேச்சுவிட்டாக. உடுத்துன துணியையும் வாங்கி வச்சுக்கிட்டாக. மிசினை வச்சு உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்தாக. அது கத்தாம இருந்த பெறகுதான் கேட்டத் தெறந்துவிட்டாக. ஆனா கொழாய் எதுக்கு ஒடஞ்சுச்சுன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் வாயத் தெறக்கல."

அவர் போன பிறகு சித்தி என் பக்கம் திரும்பினார். "சோப்புக்குப் போற சங்கதியா அது? ஏ பாப்பா, நீதான சயின்சுல மொத மார்க்கு. சொல்லு, ஒட்டுமா?"

"ஒட்டும்" என்றேன்.

பாடத்தில் இருப்பது இதுதான். கதிர்வீச்சுள்ள தூசு தோலிலும் துணியிலும் ஒட்டும். கழுவினால் போய்விடும். கதிர் பட்ட மனிதரிடமிருந்து அது நோய்போல அடுத்தவருக்குப் பரவாது. எனக்கு இது முழுவதும் தெரியும். ஆனால் நம் ஊரில் ஒருவர் உடம்பைப் பற்றி 'ஒட்டும்' என்றால் என்ன பொருள்? சிரங்கு ஒட்டும். அம்மை ஒட்டும். அந்த ஒட்டும்தான் எல்லாருக்கும் கேட்டது. அவர்கள் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஒட்டுவது தூசுதான், ஆள் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. "பாத்தீகளா, படிச்ச புள்ளையே சொல்லிருச்சு" என்றார் சித்தி. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மாமா கொண்டுவந்த பாலை அப்பா வாய்க்காலில் ஊற்றினார்.

"என்ன மச்சான், மாடுமா எங்கூட வடக்க வேலைக்கு வந்துச்சு?" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசினால், மகள் பேச்சைக் கேட்டு அப்பா ஊர் முன்னால் தப்புச் செய்தார் என்று ஆகிவிடும். பேசவில்லை.

போன வாரம் புல் அறுக்கும்போது மாமாவைப் பாம்பு கடித்தது. ரோட்டில் தங்கபாண்டி அண்ணனின் வேன் வந்தது. ராஜாத்தி அத்தை குறுக்கே போய் மறித்தார்.

"வண்டியில தக்காளி இருக்குக்கா" என்றார் அண்ணன். "ஒட்டிக்கிருச்சுன்னு தெரிஞ்சா சின்னமனூரு மார்க்கெட்ல எவன் தொடுவான்?"

"பாம்புடா கடிச்சிருக்கு. பாம்புடா தம்பி."

வேன் போய்விட்டது. பஸ்சுக்காக நின்றவர்கள் எல்லாரும் தள்ளி நின்றார்கள். அதில் நானும் ஒருத்தி. பஸ் வந்ததும், நம் ஊர்ப் பேச்சு எதுவும் தெரியாத கண்டக்டர் இறங்கிவந்து மாமாவை அள்ளித் தூக்கினார். உத்தமபாளையம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

தங்கபாண்டி அண்ணனை யாரும் ஏசாதீர்கள். அவருடைய பயம் என் வாயிலிருந்துதான் பிறந்தது.

அணு உலையைப் பற்றிப் பயப்படுவது தவறா? தவறில்லை. குழாய் ஏன் உடைந்தது, வேலை பார்த்தவர்களை யார் கவனிப்பார்கள் என்று நாம் எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். மாமா தனியாகத்தான் கேட்டார். நாம் அவரிடம் இருந்து எட்டி நின்றோம்.

நான் படிக்க வேண்டிய உரையில் 'கதிர்வீச்சு நோயால் மறைந்த செல்லப்பாண்டி அவர்கள்' என்று இருக்கிறது. "அப்பிடியே படி. ஒரு வார்த்த கூட்டிப் பேசாத" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதைப் படித்தால் அத்தை கறக்கும் பாலை இனி யார் வாங்குவார்கள்? ஏழாம் வகுப்பில் அவர்கள் மகள் யுவராணி தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? ஆகவே சொல்கிறேன். செல்லப்பாண்டி மாமா பாம்பு கடித்து இறந்தார். அவர் உடம்பிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஒட்டும் என்று சொன்னவள் நான்.

மாமா அவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்க நான் பிந்திவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்வியை இனி நாங்கள் கேட்போம். நிலையத்துக்கு மாணவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு எழுதுவோம். யுவராணி பக்கத்தில் நான் உட்காருவேன். கூட்டம் முடிந்ததும் அத்தையோடு நடந்துபோய், அவர்கள் கறந்த பாலை எல்லார் கண்முன்னாலும் குடிப்பேன். மிச்சத்தைச் சொசைட்டிக்கு நானே தூக்கிவருவேன். அப்பா அவர்களே, அதையும் நீங்கள் வாய்க்காலில் ஊற்றப் போனால், நான்

டீச்சர், கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவின் குரல்