பஞ்சாலையின் மூன்றாவது நோட்டு

கருமாதிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் கங்காணி, மண்டோர் முனியாண்டி அவர்களே, கோலா சாவா ரப்பர்த் தோட்டத்துப் பெரியோர்களே, அழுது ஓய்ந்த தாய்மார்களே, மகள் பஞ்சாலையைப் பறிகொடுத்த தங்கராஜு, மயிலம்மாள் தம்பதியரே, வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. முப்பது ஆண்டு கிராணியாக ரப்பர்ப் பால் எடையை எழுதியவன். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

வெளிநாட்டில் பஞ்சாலை என்ன படித்தாள்? குறைகடத்தி என்னும் படிகத்தைப் படித்தாள். கணினிச் சில்லு செய்கிற அதே இனம். அது சில நிற ஒளியை வழிவிடும், சிலவற்றை விழுங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை உண்டு. நொடிக்கு இலட்சம் கோடி முறை துடிக்கும் மின்புலத்தை அதன்மேல் பாய்ச்சினால் அந்த எல்லை நகர்கிறது. விட்ட ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய ஒளியை விடுகிறது.

"கிராணியாரே, வெளங்குற மாதிரி சொல்லுங்க லா" என்கிறார் பின்வரிசைச் சன்னாசி. சொல்கிறேன், ஐயா. வாசல் காவல்காரர், யாரை உள்ளே விடுவது என்ற பட்டியலையே மாற்றிக்கொள்வதைப் போல. துடிப்பு நின்றால் பழைய பட்டியல். எவ்வளவு வலுவுக்கு எவ்வளவு நகர்வு? அதைத்தான் அவள் அளந்தாள்.

விடுமுறைக்கு வந்தபோது மூன்று நோட்டுகள் கொண்டுவந்தாள். இரண்டை நான் அட்டவணையாகப் படியெடுத்தேன். மூன்றாவதைத் தொடுமுன் டெங்கி அவளைக் கொண்டுபோனது.

இறந்தவருக்குப் பிடித்ததைச் சவப்பெட்டியில் வைப்பது நம் வழக்கம். தங்கராஜு அந்த நோட்டை எடுத்துவந்தார்.

"கிராணியாரே, எந்நேரமும் புள்ள இதையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. கூட வச்சிரலாமுங்களா?"

யாரைக் கேட்டார்? என்னைக் கேட்டார். அதன் அருமை அறிந்தவர் அங்கே எத்தனை பேர்? நான் ஒருவன். மயிலம்மாளின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். புலம் நின்றால் படிகம் பழையபடி ஆகும். சுடலையில் எரிந்த தாள் ஆகுமா?

நேற்று அவளுடைய பேராசிரியரின் கடிதம் வந்தது. வலுவான புலத்தில் எடுத்த அளவீடுகள் மூன்றாவது நோட்டில் மட்டுமே இருந்தனவாம். அவை இல்லாமல் அவள் பெயரில் கட்டுரை வராதாம். நான்தான் படித்துக் காட்டினேன்.

"எம்பொண்ணு பேர நானே கொளுத்திட்டேன்யா" என்றார் தங்கராஜு. நேற்றிலிருந்து அவர் சோறு தொடவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது திறக்கிறேன். கொளுத்தியவர் அவரல்லர். கேட்டவர் அவர். அறிந்தவன் நான். தலையாட்டியவன் நான். பேராசிரியருக்கும் இப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். நோட்டு வராது, அவள் பெயரில் கட்டுரையும் வராது. தம்பி தங்கராஜு, கோபத்தை என்மேல் காட்டுங்கள். உங்கள் வயிற்றின்மேல் காட்டாதீர்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் எழுந்து போகாத உங்களுக்கு நன்றி. வணக்கம்.