எழுபத்திரண்டு புள்ளி நாலு

வெலிமிர்: ...முதல்ல அந்தப் பின்கதவைச் சாத்துங்க ஓப்ரென் அண்ணே. முன்னாடியும் திறந்து, பின்னாடியும் திறந்து... குறுக்குக்காத்து நேரா என் கழுத்துலதான் வந்து விழுது. ஆளையே கொண்டுபோற காத்து இது.

ஓப்ரென்: கல்லறைக் கல்லு வெட்டுற பட்டறைடா இது. சாத்தினா தூசியில ரெண்டு பேரும் மாவு புரட்டின மீன் மாதிரி ஆயிடுவோம். நீ வந்த விஷயத்தைச் சொல்லு.

வெலிமிர்: சாத்தினாத்தான் சொல்லுவேன்.

ஓப்ரென்: ...சாத்தியாச்சு.

வெலிமிர்: என் கல்லுல தேதி வெட்டணும்.

ஓப்ரென்: ஊர் வழக்கப்படி நீ இருக்கும்போதே வெட்டித்தானே வச்சிருக்கேன்? உன் பேரு, பொறந்த தேதி, ஒரு கோடு. பக்கத்துல உன் பொண்டாட்டி ரூஷா பேரு, அதுக்கும் ஒரு கோடு. ஆறு மாசமா இந்த மூலையில நிக்குது. எடுத்துட்டுப் போற வழியைக் காணோம்.

வெலிமிர்: கோட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டணும்.

ஓப்ரென்: அந்தப் பக்கம்... அது நீ போன பிறகு வெட்டுறது.

வெலிமிர்: முன்னாடியே தெரிஞ்சிருந்தா எதுக்குக் காத்துக்கிட்டு? அக்டோபர் பதினாலு. குறிச்சுக்கங்க.

ஓப்ரென்: இன்னிக்குப் பன்னண்டு.

வெலிமிர்: அதான் அவசரம்.

ஓப்ரென்: டாக்டர் ஏதாவது சொன்னாரா?

வெலிமிர்: டாக்டருக்கு என்ன தெரியும். பேப்பர்ல வந்திருக்கு. ஆம்பளைக்குச் சராசரி ஆயுசு எழுபத்திரண்டு புள்ளி நாலாம். எனக்கு ஜூன் பதினாலோட எழுபத்திரண்டு முடிஞ்சுது. நாலு மாசம் கூட்டுங்க.

ஓப்ரென்: எனக்கு எண்பத்தொண்ணு.

வெலிமிர்: அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். அந்த ஒன்பது வருஷம் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?

ஓப்ரென்: எங்கேயிருந்துன்னா... காலையில எந்திரிப்பேன். வந்திருக்கும்.

வெலிமிர்: சும்மா வராது. எங்கண்ணன் மிலிசாவ் அறுபத்து மூணுல போனான். அவனோட ஒன்பது வருஷம் அப்படியே மிச்சம் கிடந்தது. கூடப்பொறந்தவன் நான் இருக்கேன்... நீங்க எடுத்துக்கிட்டீங்க.

ஓப்ரென்: அடக்கத்துக்கு வந்தேன். அவன் கல்லையும் நான்தான் வெட்டினேன். வேற எதையும் எடுத்த ஞாபகம் இல்ல.

வெலிமிர்: யாரும் தெரிஞ்சு எடுக்கறதில்ல.

ஓப்ரென்: இங்க பாரு. இந்தப் பட்டறையில உன்னோடதைத் தவிர பதினொரு கல்லு நிக்குது. ஒண்ணுல தொண்ணூத்தாறு வயசு, ஒண்ணுல நாலு. வேலையில்லாத ஒருநாள் எல்லாத்தையும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். அம்பத்தொம்பது வந்துச்சு. அம்பத்தொம்பதுல செத்தவன் இதுல ஒருத்தன்கூட இல்ல.

வெலிமிர்: அவங்க பேப்பர் படிச்சிருக்க மாட்டாங்க.

ஓப்ரென்: சிகரெட் வேணுமா?

வெலிமிர்: விட்டாச்சு. பத்து நாளாச்சு.

ஓப்ரென்: நாளன்னிக்குச் சாகப்போறவன் சிகரெட்டை விடுவானா?

வெலிமிர்: ஆரோக்கியமா சாகணும் இல்ல? வேலி கட்டி முடிச்சுட்டேன். கூரை ஒழுகினதை அடைச்சுட்டேன். ஆறு வருஷத்துக்கு விறகு பொளந்து அடுக்கியாச்சு. கொல்லையில கோழி திரும்ப இடமில்ல.

ஓப்ரென்: அதென்ன ஆறு வருஷம்?

வெலிமிர்: பொம்பளைங்க கூடுதல் நாள் இருப்பாங்க. எவ்வளவுன்னு ரூஷா படிச்சுச் சொல்லலை. நானா ஆறு போட்டுக்கிட்டேன். அவ தனியா கோடாலி தூக்கக்கூடாது.

ஓப்ரென்: ம்... வெலிமிர், புள்ளி நாலுன்னா நாலு மாசம் இல்லடா. வருஷத்தைப் பத்தாப் பிரிச்சு அதுல நாலு பங்கு. கிட்டத்தட்ட அஞ்சு மாசம் வரும். உனக்கு இன்னும் மூணு வாரம் கூடுது.

வெலிமிர்: ...மூணு வாரமா?

ஓப்ரென்: பிளம் பழம் ஊறிக்கிட்டு இருக்குல்ல. ரக்கியாச் சாராயம் காய்ச்சி, ஒரு வாய் ருசி பார்த்துட்டே போகலாம்.

வெலிமிர்: இல்ல... வேண்டாம். பதினாலுன்னே இருக்கட்டும்.

ஓப்ரென்: மூணு வாரத்தை யாராவது வேண்டாம்பாங்களா?

வெலிமிர்: நெனாத்கிட்டப் பதினாலுன்னு சொல்லியாச்சு.

ஓப்ரென்: உன் மகன்கிட்டயா? மூணு வருஷமா பேச்சே இல்லையே உங்களுக்குள்ள.

வெலிமிர்: சாகப்போறவன் பேசலாம். தப்பில்ல. போன வியாழக்கிழமை ஆஸ்திரியாவுக்கு, கிராட்ஸுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வர்றாங்க. அவளும்தான்.

ஓப்ரென்: உன் மருமக, அந்த ஆஸ்திரியாக்காரி... ஜன்னல் திறந்தவளா?

வெலிமிர்: ஒண்ணில்ல, ரெண்டு ஜன்னல். எதிரும் புதிருமா. நான் குளிச்சுட்டு ஈரத்தலையோட சாப்பிட உக்காந்திருக்கேன். பிர்கிட் எந்திரிச்சு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு திறந்துட்டு, நல்ல காத்துன்னு சிரிக்கிறா. நாலு நாள் கழுத்து திரும்பலை எனக்கு.

ஓப்ரென்: நீ கொலைகாரின்னு சொன்னியாமே.

வெலிமிர்: கொல்லப் பார்த்தாள்னுதான் சொன்னேன். கொலைகாரின்னு சொல்லலை. அதுக்கு நெனாத் சூப்பை அப்படியே வச்சுட்டு, பொண்டாட்டி கையைப் பிடிச்சு எழுப்பிட்டு... சரி விடுங்க. மன்னிச்சாச்சு. சாகறவனைக் காத்து என்ன செய்யும்?

ஓப்ரென்: அப்ப கதவைத் திறக்கட்டுமா?

வெலிமிர்: பதினாலு வரைக்கும் சாத்தியே இருக்கட்டும்.

ரூஷா: ஓப்ரென் அண்ணே... எங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரா? எங்கெல்லாம் தேடறது இந்த மனுஷனை?

வெலிமிர்: கதவு, ரூஷா. கதவு.

ரூஷா: சாத்திட்டேன், சாத்திட்டேன். கல்லுல என்ன பென்சில் எழுத்து?

வெலிமிர்: தேதி. அண்ணன் குறிச்சிருக்கார். ஒட்டறதுக்கு என் போட்டோ வண்டியில இருக்கு. எடுத்துட்டு வர்றேன். வந்ததும் வெட்டிடலாம்.

ரூஷா: ...போயிட்டாரா? அண்ணே, உளியைக் கீழ வைங்க.

ஓப்ரென்: உளி எங்க இருக்கு? பென்சில்தான்.

ரூஷா: அதையும் வைங்க. பொய் அது.

ஓப்ரென்: எது?

ரூஷா: எழுபத்திரண்டு புள்ளி நாலு. இவர் கண்ணாடியைக் காணோம்னு பேப்பரை என்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பக்கம் முழுக்க எண்ணு. ஒண்ணைப் பிடிச்சு இவர் தலையில கட்டிட்டேன்.

ஓப்ரென்: நிஜத்துல அது என்ன எண்ணாம்?

ரூஷா: ஒரு வீட்டுல வருஷத்துக்குத் தின்னுற முட்டைக்கோஸ். கிலோ கணக்குல.

ஓப்ரென்: ...

ரூஷா: சிரிக்காதீங்க அண்ணே.

ஓப்ரென்: தூசிம்மா. இருமல்.

ரூஷா: பேத்திக்கு ரெண்டு வயசாச்சு. போன்லதான் பார்க்கறேன். அதுவும் இவருக்குத் தெரியாம, கோழிக்கூட்டுல நின்னுக்கிட்டு. இவரா முதல்ல பேசுவார்? செத்தாத்தான் பேசுவார். அதான் சாகவச்சேன்.

ஓப்ரென்: வேலை செஞ்சிருக்கே.

ரூஷா: செஞ்சுது. ஆனா கல்லுல வெட்ட வந்து நிப்பார்னு யாரு கண்டா? உயிரோட இருக்கறவருக்குத் தேதி வெட்டினா... அந்தத் தேதி தேடிக்கிட்டு வராதா?

ஓப்ரென்: சொல்லிடேன் அவன்கிட்ட.

ரூஷா: சொன்னா, அப்ப நான் சாகலையான்னு கேட்டு மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்குவார். பிள்ளையை வராதேம்பார். சொல்லாட்டி கல்லு. நான் எந்தப் பக்கம் போக?

வெலிமிர்: என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

ஓப்ரென்: ஒண்ணுமில்ல... கல்லு ஈரமா இருக்கு. இன்னிக்கு வேண்டாம்னு பேசிட்டிருந்தோம்.

வெலிமிர்: கிரானைட்டுல ஈரமா?

ஓப்ரென்: சராசரியா ஈரம்.

வெலிமிர்: விளையாடாதீங்க. உளியை எடுங்க. நாளைக்கு அவன் வந்து பார்க்கணும்.

ஓப்ரென்: வெட்டினா அழிக்க முடியாதுடா. கல்லோட முகத்தையே இழைக்கணும்.

வெலிமிர்: பரவாயில்ல. எடுங்க... ம், அந்த ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க.

ரூஷா: நிறுத்துங்க அண்ணே. அது... முட்டைக்கோஸ்.

வெலிமிர்: எது முட்டைக்கோஸ்?

ரூஷா: உங்க எழுபத்திரண்டு புள்ளி நாலு. ஆயுசு இல்ல, கிலோ. நான் பொய் சொன்னேன். கத்தணும்னா கத்திக்கங்க. ஆனா பிள்ளைக்குப் போன் போட்டு வராதேன்னு மட்டும்...

வெலிமிர்: நான் கத்தலையே.

ரூஷா: ...ஏன் கத்தலை?

வெலிமிர்: கண்ணாடி அன்னைக்கே கிடைச்சுடுச்சு. சட்டைப்பையிலதான் இருந்தது.

ரூஷா: அன்னைக்கேவா?

வெலிமிர்: நீ கோழிக்குத் தீனி போடப் போனே. நான் படிச்சேன். ரெண்டு தடவை.

ரூஷா: பத்து நாளா... சாகப்போற மனுஷனாச்சேன்னு தினம் முட்டைக்கோஸ் இலையில கறி வச்சு சார்மா சுத்திச் சுத்திப் போட்டேனே...

வெலிமிர்: நல்லாத்தான் இருந்தது. நம்ம வீட்டு முட்டைக்கோஸ் சராசரியைத் தாண்டியிருக்கும்.

ரூஷா: பொய்னு தெரிஞ்சுமா போன் போட்டீங்க?

வெலிமிர்: உயிரோட இருக்கறவன் எப்படி முதல்ல போன் போடுவான்? நீ ஒரு வழி காட்டினே. நான் போனேன்.

ஓப்ரென்: அப்ப கல்லு எதுக்குடா?

வெலிமிர்: போன்ல நெனாத், "சும்மா சொல்றீங்கப்பா"ன்னான். கோபத்துல, "கல்லுல தேதியே வெட்டியாச்சு, வந்து பாரு"ன்னுட்டேன். வந்து பார்ப்பானே. வெறுங் கோடு இருந்தா, இதுவும் பொய்யான்னு அப்படியே வண்டியைத் திருப்பிடுவான். குழந்தை கீழ இறங்கக்கூட இறங்காது. அதனால... வெட்டுங்க அண்ணே.

ரூஷா: இதுக்காகக் கல்லுல...

வெலிமிர்: வேற வழி இருந்தா சொல்லு.

ஓப்ரென்: உளியை நான் உள்ள வைக்கிறேன். நெனாத் எனக்குச் சனிக்கிழமையே போன் பண்ணிட்டான். கல்லு வெட்டினது நிஜமான்னு கேட்டான்.

வெலிமிர்: ...நீங்க என்ன சொன்னீங்க?

ஓப்ரென்: வெட்டியாச்சு, எழுத்து அழகா வந்திருக்குன்னேன்.

ரூஷா: நம்பிட்டானா?

ஓப்ரென்: சிரிச்சான். "அப்பா சொன்ன எண்ணைத் தேடி அதே பேப்பரை நானும் படிச்சுட்டேன் பெரியப்பா, அது முட்டைக்கோஸ். எனக்குத் தெரியும்னு அவர்கிட்டச் சொல்லிடாதீங்க, வரவேண்டாம்னுடுவார்"னான். அப்புறம் பிர்கிட் போனைப் பிடுங்கினா. நம்ம பாஷையில தட்டுத்தடுமாறி, "கிராட்ஸ்லேருந்து உங்க வாசல் வரைக்கும் கார்ல ஒரு ஜன்னல்கூடத் திறக்க மாட்டோம்"னா.